பாய் விலை சொல்லவில்லை

ராயபுரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்கிறாய். வாட்ஸாப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும். கூரியரில் போடுகிறேன், வாங்கிக்கொள்.

நீ அனுப்பிய மெசேஜை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "காமிக்ஸ் எல்லாத்தையும் பழைய புத்தகக்கடை பாய்கிட்ட குடுத்துடுங்கப்பா, என்ன குடுக்கிறாரோ வாங்கி என் அக்கவுண்ட்ல போட்டுடுங்க." அவ்வளவுதான். காமிக்ஸில் இரும்புக்கை மாயாவிக்குக் கரண்ட் பட்டால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்குமே, உன் மெசேஜும் அப்படித்தான் வந்து நிற்கிறது. கை தெரிகிறது, ஆளைக் காணோம்.

நீ சொன்னபடி பாயை வரச் சொன்னேன். முட்டி வலியோடு வந்தார். அம்மா சர்க்கரை இல்லாத டீ கொடுத்தாள். பரணிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டியையும் நானும் பக்கத்து வீட்டுப் பையனும் இறக்கினோம். 2015 வெள்ளத்திலும் சரி, 2023 மிக்ஜாம் புயலிலும் சரி, தெருவில் தண்ணீர் ஏறியபோது இந்த வீட்டில் ஒரு துளி படாமல் இருந்தது அந்தப் பரண் ஒன்றுதான். அரிசி மூட்டை நனைந்தது, என் ரிடையர்மென்ட் பேப்பர்கள் நனைந்தன, உன் ஸ்பைடரும் லக்கி லூக்கும் சொகுசாக இருந்தார்கள். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பாய் உடனே புத்தகத்தைத் திறக்கவில்லை. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய மூர் மார்க்கெட் கதையை ஆரம்பித்துவிட்டார். உனக்குத்தான் மனப்பாடமாச்சே. 1985 மே மாதம் எரிந்தது, அங்கே இருந்த அவருடைய கடை போனது, பிறகு அல்லிக்குளத்தில் கடை, அப்புறம் பிராட்வே பிளாட்பாரம். இந்தத் தடவை புதிதாக ஒன்று சொன்னார். தீ அணைந்த பிறகு போய்ப் பார்த்தபோது கட்டுக்கட்டாக இருந்த புத்தகங்களில் ஓரம் மட்டும் கருகி நடுப்பக்கம் வெள்ளையாக இருந்ததாம். இறுக்கிக் கட்டிய காகிதம் சீக்கிரம் எரியாது. பைண்டிங்கில் இத்தனை வருஷம் இருந்த எனக்கு அது தெரியும். ஆனாலும் அவர் சொன்னபோது அம்மா உள்ளே எழுந்து போய்விட்டாள்.

அப்புறம்தான் வேலையைத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் அட்டையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். இல்லை, தாளைச் சேர்த்து அடித்திருக்கிற கம்பிப் பின்னைப் பார்க்கிறார். நம் ஊர்க் கடல் காற்றில் பின் துருப்பிடித்து, அந்தத் துரு காகிதத்தில் இறங்கி, நடுத் தாள்கள் கழன்றுவிடும். அடுத்தது நடுப்பக்கம் இருக்கிறதா. அப்புறம் லெண்டிங் லைப்ரரி சீல். அப்புறம் பேனாவில் யாராவது பேர் எழுதியிருக்கிறார்களா. கடைசியில்தான் அட்டை. அதையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். அட்டை போன புத்தகத்துக்குக் கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டி விற்கிற ஆட்கள் வந்துவிட்டார்களாம். ஜெராக்ஸ் அட்டை மடிப்பில் பளபளவென்று உரிந்து வெள்ளை தெரியும், அந்தக் காலத்து அட்டை மடிந்த இடத்தில் மெல்ல நைந்துதான் போகும் என்றார்.

செல்லோடேப் ஒட்டியது ஒன்றே ஒன்று கிடைத்தது. பழுப்புக் கறை. அது உன் அத்தை பையன் வேலை என்று உனக்கும் எனக்கும் தெரியும். அவனுக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை வந்திருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நீ எட்டாவது படிக்கும்போது ராணி காமிக்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து காலிகோ துணி போட்டு பைண்ட் பண்ணித் தருகிறேன் என்று பிரஸ்ஸுக்கு எடுத்துப்போகக் கட்டி வைத்தேன். நீ கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றாய். "கட்டிங் போட்டா ஓரத்துல இருக்கிற எழுத்து போய்டும்ப்பா." பாயிடம் சொன்னேன். "பைண்ட் பண்ணியிருந்தா பாதி வெலைகூட வராது தம்பி, பின்னு போச்சு, ஓரம் போச்சு. பொண்ணுக்கு அப்பவே அறிவு" என்றார். முப்பது வருஷம் பைண்டர் வேலை பார்த்தவன் முன்னால் சொல்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த அறிவெல்லாம் இப்போது எங்கே போனது என்றுதான் கேட்கிறேன். "என்ன குடுக்கிறாரோ வாங்கி" என்று எழுதுகிற பெண்ணா நீ? பிளாட்பாரத்தில் எட்டணாவுக்குப் பேரம் பேசி, பாயே "இந்தாம்மா எடுத்துக்கிட்டுப் போ" என்று கையெடுத்துக் கும்பிட வைத்தவள் நீ. அவசரப்படாதே.

பாய்க்கு முன்னால் வேறொருவனும் வந்தான், உன்னிடம் சொல்லவில்லை. உன் சிநேகிதி மூலமாகத்தான் எங்கேயோ கேள்விப்பட்டானாம். உனக்குத் தெரிந்து அனுப்பினாயோ என்னவோ. அண்ணாநகர்ப் பக்கத்துப் பையன், நல்ல பைக். வந்ததும் எழுபதுகளில் வந்த முத்து காமிக்ஸை மட்டும் பிரித்தெடுத்தான். போட்டோ எடுத்தான், யாருக்கோ அனுப்பினான், "அங்கிள், இது மட்டும் போதும், இப்பவே ஜிபே பண்றேன்" என்றான். சொன்ன தொகை சின்னத் தொகை இல்லை. என் இரண்டு மாதப் பென்ஷன். அட்டையெல்லாம் ஒரிஜினல்தானா என்று வேறு கேட்டான். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

பாய் அதைக் கேட்டுச் சிரித்தார். பொறுக்குகிறவனிடம் கொடுத்தால் மீதி எடைக்குத்தான் போகும் என்றார். அந்த முத்துவெல்லாம் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. 1972ல் சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்தது, முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. உங்கள் தாத்தா அதை வைத்துத்தான் என்னை விசிறிக் கட்டையால் அடித்தார். நிறைய அச்சடித்த புத்தகம்தான், ஆனால் பையன்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கிழித்தார்கள், கிழிந்தது மளிகைக் கடையில் பொட்டலமானது. எல்லாருக்கும் பிடித்த கதைதான் இன்று கிடைக்காத கதை, யாரும் தொடாதது புத்தம்புதிதாக மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, அதை வைத்து நான் என்ன பண்றது என்கிறார் பாய். பின்னால் மறுபதிப்பு நல்ல தாளில் வந்ததே, அதனால் பழசுக்கு விலை இறங்கவில்லையா என்று கேட்டேன். படிக்கிறவன் மறுபதிப்பு வாங்குவான், சின்ன வயசைத் தேடுறவன் பழசைத்தான் வாங்குவான், அவன் பேரம் பேசமாட்டான் என்றார்.

ராணி காமிக்ஸ் தனித்தனியாகப் பெரிய விலை போகாதாம். 1984ல் தொடங்கி 2005ல் நிற்கிற வரைக்கும் ஐந்நூறு இதழ். ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் கல்மண்டபம் பெட்டிக்கடையில் நீ நிற்பாயே. அந்த ஐந்நூறும் வரிசையாக ஒரே இடத்தில் இருந்தால்தான் மதிப்பு. உன்னிடம் எத்தனை குறைகிறது என்று உன் நோட்டில் இருக்கிறது. பாய் அந்த நோட்டையே ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தார். கதை பெயர், எங்கே வாங்கியது, என்ன விலை, யார் கொடுத்தது, எல்லாம் உன் குண்டுக் குண்டுக் கையெழுத்தில். 2012ல் லயன் காமிக்ஸ் மறுபடி வந்தபோது முதல் மாதச் சம்பளத்தில் சந்தா கட்டியதையும் எழுதி வைத்திருக்கிறாய். அம்மாவுக்குப் புடவை எடுத்தது அதற்கடுத்த வரி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எனக்கு ரெண்டாவது இடம்தானா" என்று கேட்டுவிட்டு அந்தப் புடவையைப் பீரோவிலிருந்து எடுத்து உதறி மடித்து வைத்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் பார்த்து முடித்து பாய் பெட்டியை மூடினார். விலை சொல்லவில்லை. நானும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இன்னா தம்பி, பொண்ணு நல்லாக்குதா?" என்றார். நல்லா இருக்கா பாய் என்றேன். "மாப்ளே?" என்றார். நான் ஏதோ சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவர் சொன்னது இது. வீடு மாற்றுகிறவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்களாம், அவர்களுக்குப் பாதி கொடுத்து பாதி வைத்துக்கொள்ள ஆசை இருக்கும். ஆள் போய்விட்டால் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவர்களுக்கு என்ன புத்தகம் என்றே தெரியாது. உயிரோடு இருக்கிற ஆள், நோட்டுப் போட்டுச் சேர்த்த ஆள், மொத்தமாகக் கொடுக்கிறேன், எவ்வளவு என்றாலும் சரி என்று சொன்னால், "நான் வாங்க மாட்டேன் தம்பி, அதுல பரக்கத், அதான் ஆண்டவன் அருள், இருக்காது. பொண்ணு வந்து பேசட்டும், அப்பால பார்க்கலாம்." ஐம்பது வருஷமாகப் பழைய புத்தகம் விற்கிற மனுஷர், கைக்கு வந்த சரக்கை வேண்டாம் என்று போகிறார்.

உனக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று எழுது. எதற்கு என்று நான் கேட்கவில்லை, உன் அம்மாவும் கேட்கமாட்டாள், சத்தியம் வாங்கிவிட்டேன். பேங்கில் போட்டு வைத்திருக்கிறேன், எங்களுக்கு என்ன செலவு, மாத்திரையும் கேஸும்தான். வியாசர்பாடி அத்தை நகை விஷயத்தில் நடந்த மாதிரி இங்கே யாரும் வாய் திறக்கமாட்டார்கள். புத்தகத்தை விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால் விற்போம். ஆனால் நீ வந்து, பாய் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பேரம் பேசி விற்க வேண்டும். அவசரத்தில் மட்டும் வேண்டாம். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று நினைக்காதே.

பெட்டியைப் பரணில் ஏற்றும்போது வேப்பிலை மாற்றினேன், வசம்பு வைத்தேன். ராமபாணப் பூச்சி எதுவும் இல்லை. அந்துருண்டை போடவில்லை, உனக்கு அந்த வாசனை ஆகாது. பிளாஸ்டிக் உறையின் வாயை மூடாதே என்று பாய் சொன்னார், உள்ளே வியர்த்துக் காகிதம் ஒட்டிக்கொள்ளுமாம், எல்லாவற்றையும் திறந்து விட்டேன்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ வரவில்லையே என்று அவள் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து டிக்கெட் போடட்டுமா, உனக்கு மட்டும் போடட்டுமா என்பதைப் பதினைந்தாம் தேதிக்குள் சொல். ஒரு டிக்கெட் என்றாலும் போட்டுவிடுகிறேன்.

அப்பா