ஜக் ரசலுக்கு வளவு போதாது

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

நீ எடுக்க நினைக்கிற ஜக் ரசல் நாய்க்குட்டியின் படம் பார்த்தோம். வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றி மண்ணிறத் திட்டு, இரண்டு காதும் முன்பக்கம் மடிந்தபடி. வடிவான குட்டிதான், அதில் மறுபேச்சில்லை. ஆனால் "சின்ன இனம்தானே அப்பா, பிளற்றுக்குள் வளரும். சரிவராவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுகிறேன், எங்கட வளவு பெரிசுதானே" என்று எழுதியிருக்கிறாய். அதில் முதல் பாதி அரைப் பிழை, இரண்டாம் பாதி முழுப் பிழை. ஏன் என்று எழுதுகிறேன். மருமகனையும் வாசிக்கச் சொல்லு. ஒருவர் ஆசைப்பட்டு மற்றவர் பொறுத்துக்கொள்கிற வீட்டில் இந்த நாய் நிலைக்காது.

ஜக் ரசல் ரெறியர் தோளளவில் 25 முதல் 30 சென்ரிமீற்றர். நிறை 5, 6 கிலோ. 25 சென்ரிமீற்றருக்கு 5 கிலோ, 30க்கு 6 கிலோ என்பதுதான் கணக்கு. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தால் பெருவிரலும் மற்ற விரல்களும் தொட வேண்டும் என்பார்கள். நரிப் பொந்துக்குள் நுழையக்கூடிய நெஞ்சா என்று பார்க்கிற அளவு அது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜோன் ரசல் என்றொரு பாதிரியார் இருந்தார் (1795–1883). நரி வேட்டையில் பைத்தியம் பிடித்தவர், தேவாலயத்துக்கு வெளியே அவருக்கு அதுவே வேலை. அவர் வளர்த்த நாய்களின் வழியில் வந்ததால்தான் இந்தப் பெயர். பெரிய வேட்டை நாய்கள் நரியைத் துரத்தி மண்ணுக்குள் இறக்கிவிடும். அதற்குப் பிறகு இந்தச் சின்ன நாய் உள்ளே இறங்க வேண்டும். நரியைக் கொல்வது அதன் வேலை அல்ல. எதிரே நின்று குரைத்து வெளியே கிளப்ப வேண்டும், அது கிளம்பாவிட்டால் மேலே மண்வெட்டியோடு வருகிற ஆட்களுக்குச் சத்தத்தால் இடம் காட்ட வேண்டும். சேறு படிந்து வெளியே வரும்போது நரியென்று நினைத்து மற்ற நாய்கள் பாயக்கூடாது, அதற்குத்தான் வெள்ளை நிறம்.

இப்போது யோசித்துப் பார். இருட்டுப் பொந்துக்குள் எசமான் இல்லை, கட்டளை இல்லை. முன்னே போவதா பின்வாங்குவதா என்று நாயே முடிவெடுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கே தோண்டுவது என்று மேலே நிற்கிறவருக்குத் தெரியாது. ஆகவே குரைக்கிற, தோண்டுகிற, தன் புத்தியில் நடக்கிற நாய்களையே தேர்ந்து தேர்ந்து பெருக்கினார்கள். நாளைக்கு நீ குழப்படி என்று சொல்லப்போகிற மூன்றும் அதன் உத்தியோகத் தகுதிகள். இதைப் பழக்கிக் களைய முடியாது. எங்கே, எப்போது என்று திசை திருப்பலாம், அவ்வளவுதான்.

குணத்தில் துடியான நாய். பாசம் நிறைய, பயம் குறைவு. ஒரு சொல்லை மூன்று தரத்தில் பிடிக்கும், பத்தாம் தரம் சொன்னால் அலுத்துவிடும். மற்றவர்கள் வளர்க்கிற பொமரேனியனும் குரைக்கும், ஆனால் அது வாசலில் நின்று குரைத்துவிட்டுத் திரும்பி வரும். இது போய்ப் பார்த்துவிட்டுத்தான் வரும். தன் அளவு தனக்குத் தெரியாது, ஐந்து மடங்கு பெரிய நாயிடமும் நேரே போய் நிற்கும். ஒரே பாலான இரண்டு நாய்களை ஒரு வீட்டில் வைத்தால் வளர்ந்த பிறகு பொருதக்கூடும். பூனை, முயல், கிளி இருக்கிற வீட்டில் தனியே விடக்கூடாது.

சின்னவனுக்கு நாலு வயது என்பதால்தான் எனக்கு யோசனை. பிள்ளைகளோடு விளையாட இது நல்ல நாய். ஆனால் வாலை இழுத்தால், சாப்பாட்டுக் கோப்பைக்குள் கைவைத்தால், நித்திரையில் மேலே விழுந்தால் பொறுக்கிற இனம் அல்ல. ஓடுகிற காலும் கீச்சுக் குரலும் அதற்கு வேட்டைதான். உங்கள் இருவரில் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நாயையும் பிள்ளையையும் ஒரே அறையில் விடாதே. தடுப்புக் கதவு ஒன்று போட்டு, நாய் ஒதுங்க ஒரு கூடு வைத்து, அதற்குள் இருக்கும்போது தொடுவதில்லை என்று பிள்ளைக்கு முதலில் பழக்கு. நாயைப் பழக்குவதிலும் அது கெதியாய் நடக்கும். உறுமினால் அடிக்காதே. உறுமலை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும்.

இப்போது நேரக் கணக்கு. வளர்ந்த ஜக் ரசலுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாத உடல் வேலை வேண்டும், இரண்டாகப் பிரித்து. கொழும்பு வெயிலில் விடியக்காலமை ஆறரைக்கு முன்னமும் பின்னேரம் ஆறுக்குப் பிறகும்தான் நடக்கலாம். புறங்கையை ஐந்து செக்கன் தார் ரோட்டில் வைத்துப் பார், உனக்குச் சுட்டால் அதன் பாதமும் வேகும். இந்த நாய் களைத்தால் நிற்காது, பந்து எறிகிற வரை ஓடும், நிறுத்த வேண்டியது நீ. நாக்குக் கருஞ்சிவப்பாகி, கெட்டியாக எச்சில் வடிந்து, கால் தள்ளாடினால் சூடு ஏறிவிட்டது. நாயின் சாதாரண உடற்சூடு 38 முதல் 39.2 பாகை செல்சியஸ், 41 தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணி ஊற்றி, மின்விசிறிக் காற்றுப் பிடித்தபடியே மிருக வைத்தியரிடம் ஓடு.

உடல் வேலை மட்டும் கொடுத்தால் இன்னும் திடமான குழப்படிக்காரனைத்தான் வளர்ப்பாய். மூளைக்கும் வேலை வேண்டும். பழைய சீலையைச் சுருட்டி, மடிப்புகளுக்குள் அதன் சாப்பாட்டில் ஒரு பிடியை ஒளித்துக் கொடு. பெரிய காட்போட் பெட்டிக்குள் கிழித்த கடதாசி நிரப்பி அடியில் சாப்பாட்டைப் போடு, தோண்டுகிற ஆசை அதிலே தீரும். நீளத் தடியில் கயிறு, கயிற்று நுனியில் சீலைத் துண்டு, அதைத் தரையோடு இழுத்துத் துரத்த விடு, ஐந்து நிமிடம் போதும். பிடித்தவுடன் இழுபறிப்படாமல் கையில் இருக்கிற இறைச்சித் துண்டைக் காட்டி "விடு" என்று சொல்லி மாற்றிக்கொள். வாயில் இருப்பதை விட்டால் இன்னொன்று கிடைக்கும் என்று பழகிய நாய், நாளைக்கு எலிப் பாசாணம் தின்ற எலியைக் கவ்வினாலும் விடும். பறித்தே பழகிய நாய் அவசரமாக விழுங்கிவிடும்.

கூப்பிட்டால் வருவது இந்த இனத்தில் அரைகுறைதான். பத்து மீற்றர்க் கயிறு கட்டி, ஆளில்லாத இடத்தில், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தரம் கூப்பிட்டு வந்தவுடன் கோழித் துண்டு கொடு. திரும்ப விளையாட விட்டுவிடு. ஒவ்வொரு முறையும் கூப்பிட்டு வீட்டுக்கே கொண்டுபோனால், கூப்பிடுவது விளையாட்டு முடிகிற மணி என்று விளங்கிவிடும். பிந்தி வந்தாலும் ஏசாதே, வந்ததற்கு அடி என்றுதான் அது கணக்கு வைக்கும். இவ்வளவும் செய்தாலும் காகத்தைக் கண்ட கணத்தில் காது அடைத்துவிடும். வெள்ளவத்தையில் கடலோரம் றெயில் தண்டவாளம் ஓடுகிறதல்லவா, அந்தப் பக்கம் கயிறு இல்லாமல் விடவே கூடாது. கழுத்துப் பட்டியிலும் நெஞ்சுப் பட்டி நல்லது, முன்பக்கம் வளையம் உள்ளதாக வாங்கு.

தனியே விடுகிற நேரம்தான் உங்கள் வீட்டின் உண்மையான தடங்கல். வளர்ந்த நாயை நாலு மணித்தியாலத்துக்கு மேல் வழக்கமாகத் தனியே விடக்கூடாது. இரண்டு மாதக் குட்டி இரண்டு மூன்று மணித்தியாலம்தான் சிறுநீர் அடக்கும். நீங்கள் இருவரும் ஏழரைக்குப் போய் ஆறுக்கு வருகிறீர்கள். பத்தரை மணித்தியாலம் தனியே கிடந்தால் கதவு நிலை அரிபடும், மெத்தை பஞ்சாகும், பக்கத்து வீட்டு அன்ரி முறைப்பாட்டோடு நிற்பா. அது பழிவாங்குகிறது என்று நினைக்காதே, வேலையில்லாத வேலைக்காரன், அவ்வளவுதான். மத்தியானம் வந்து ஒரு அரைமணி நடத்துகிற ஆளை முதலில் பிடி, குட்டியை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

ஊருக்கு அனுப்புகிற கதைக்கு வருகிறேன். மூன்று பரப்பு வளவு இந்த நாய்க்கு உடற்பயிற்சி அல்ல. முதல் இரண்டு நாள் சுற்றிப் பார்க்கும், பிறகு வேலிக் கரையில் தன் வேலையைத் தொடங்கும். எங்கள் கிடுகு வேலியும் கதியாலும் ஆட்டை மறிக்கும், மண் தோண்டுகிற நாயை மறிக்காது. செம்மண்ணில் கால்மணியில் வழி எடுத்துவிடும். மறிக்க வேண்டுமென்றால் கம்பி வலையை வேலி அடியில் ஒரு அடி ஆழம் தாழ்த்து, நுனியை இன்னுமொரு அடி வளவுப் பக்கம் மடித்துப் புதைக்க வேண்டும். நேராகப் புதைத்தால் போதாது. நாய் வேலியோடு ஒட்டித்தான் தோண்டும், மடித்த வலை கால் நகத்தில் தட்டினால்தான் விடும். நாலடி மதிலை ஏறித் தாண்டுகிற நாயும் உண்டு. கிணத்துக்கட்டு அதைவிடத் தாழ்வு. கட்டின்மேல் ஓடுகிற அணிலுக்குப் பின்னால் பாய்ந்தால் பேச்சில்லை, கிணத்துக்கு வலை மூடி போடாமல் கதையே இல்லை. அயலில் எல்லா வீட்டிலும் கோழி. கோழியைப் பிடித்த நாய்க்கு மறுநாள் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு பாம்பு. ஊர்நாய் பெரும்பாலும் எட்ட நின்று குரைக்கும். ரெறியர் கவ்வி உதறும், கடி மூஞ்சியிலும் கழுத்திலும் விழும். இங்கே நாகமும் இருக்கு, கண்ணாடிப் புடையனும் இருக்கு. (இந்தப் புடையனுக்கும் ஆங்கிலத்தில் ரசல் என்றுதான் பெயர், அது பட்ரிக் ரசல் (Patrick Russell) என்ற வேறொரு மருத்துவரின் பெயர். ஒரு ரசல் மற்ற ரசலைக் கடிக்கிற ஊர் என்று அம்மா பகிடி விடுகிறா.) கடிபட்டால் கட்டுப்போடக்கூடாது, வெட்டிவிடக்கூடாது, நடக்கவும் விடக்கூடாது. தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். எங்கள் வயதில் இரவு பத்து மணிக்கு அது நடக்கிற காரியமா?

எல்லாவற்றுக்கும் மேலே, இந்த இனம் இடத்தோடு அல்ல, ஆளோடு ஒட்டும். ஒரு வருசம் உன்னோடு படுத்த நாயை 400 கிலோமீற்றர் தள்ளி விட்டால் அதற்கு வளவு எத்தனை பரப்பு என்ற கணக்குத் தெரியாது. பதின்மூன்று முதல் பதினாறு வருசம் இருக்கிற உயிர். சின்னவன் ஏ. எல். எழுதுகிற காலத்திலும் அது உங்கள் வீட்டில் இருக்கும் என்று வைத்துக் கணக்குப் பார்.

அப்படியும் எடுப்பதென்றால் குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதே. தாயைக் காட்டாத இடத்தில் வாங்காதே, தாய் வெட்கப்பட்டு ஒளிந்தால் அல்லது சீறினால் திரும்பி வா. தலை முழுக்க வெள்ளையான குட்டிகளில் செவிடு வரக்கூடும். பின்னால் நின்று, காற்றுப் படாத தூரத்தில் திறப்புக் கோர்வையைக் குலுக்கிக் காது அசைகிறதா பார். ஓடும்போது பின்காலை இரண்டு மூன்று எட்டுத் தூக்கிப் பிறகு சாதாரணமாக ஓடினால் முழங்கால் சில்லு விலகுகிறது. ஐந்து முதல் எட்டு மாதத்தில் ஒரு பின்கால் நொண்டத் தொடங்கினால் சுளுக்கென்று எண்ணெய் பூசிக்கொண்டிராதே. இடுப்புப் பந்தெலும்புக்கு இரத்தம் போகாமல் அழுகுகிற நோய் சின்ன இனங்களுக்கு உண்டு, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கண் திடீரென்று சிவந்து மங்கினால் அன்றைக்கே காட்டு, வில்லை இடம் விலகுகிற பரம்பரை நோயும் இந்த இனத்தில் இருக்கு.

பார்வோ, டிஸ்ரெம்பர் என்ற தொற்று நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. விசர்நாய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு வருசா வருசம். ஊசி முடியும் வரை நிலத்தில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டுபோய் பஸ், முச்சக்கர வண்டி, குடை, தொப்பிக்காரர் எல்லாம் காட்டு. 14 வாரத்துக்குள் கண்டு பழகாததை வாழ்நாள் முழுக்கக் குரைக்கும். உண்ணியை நாள் தவறாமல் காதுமடலிலும் விரலிடுக்கிலும் பார், உண்ணிக் காய்ச்சலில் முரசு வெளிறும்.

சாப்பாடு பெரிய வித்தையில்லை. ஆறு கிலோ நாய்க்கு உலர் உணவு நாளுக்கு 100, 120 கிராம், பழக்கக் கொடுக்கிற துண்டுகளை அதிலே கழி. கறிச்சோறு வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். முந்திரிகைப் பழம் (திராட்சை), அதன் வற்றல், சொக்லேற், அவித்த கோழி எலும்பு எதுவும் கூடாது. உனக்கு நாய்தான் வேண்டும், ரசல்தான் என்று இல்லை என்றால், இரண்டு வயது தாண்டின அடக்கமான ஊர்நாய் ஒன்றைப் பார். என் மனதில் உங்களுக்கு அதுதான் பொருத்தம்.

அம்மா கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பெட்டி கட்டி வைத்திருக்கிறா, சனிக்கிழமை பஸ்ஸில் வரும். குட்டி வீட்டுக்கு வந்துவிட்டதென்றால் கொட்டைகளை மூடி இறுக்கிற வாளியில் போடு, கண்ட இடத்தில் வையாதே. மாங்கொட்டை குடலில் இறுகினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா