அரசுப் பள்ளிக்குள் வரும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுப் பள்ளிகளோடு கைகோக்க முன்வரும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கணினி தருகிறீர்கள், ஆய்வகம் அமைக்கிறீர்கள், சுவருக்கு வண்ணம் பூசுகிறீர்கள். மனதார நன்றி. கூடவே ஒரு வேண்டுகோள்: கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், சில ஆண்டுகளாவது உடன் இருங்கள்.

ஒரு கணினி அறை திறந்த பிறகுதான் செலவே தொடங்குகிறது. பழுது பார்க்க ஆள், மின் கட்டணம், மென்பொருள் உரிமம், எல்லாவற்றுக்கும் மேலாக அதை வைத்துப் பாடம் நடத்த ஆசிரியருக்குப் பயிற்சி. ஒப்பந்தத்தில் இவற்றை எழுதாமல் விட்டால் அத்தனையும் பள்ளியின் தலையில்தான் விழும். தாங்க முடியாத பள்ளி அறையைப் பூட்டி வைக்கும்.

நீண்டகாலம் உடன் நிற்பது நடக்கக்கூடியதுதான். நியூயார்க்கின் புரூக்ளினில் 2011-இல் தொடங்கிய பி-டெக் (P-TECH) என்ற உயர்நிலைப் பள்ளியைப் பாருங்கள். நகரக் கல்வித் துறை, நகரப் பல்கலைக்கழகம், ஐபிஎம் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தியது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவர் ஆறு ஆண்டுகளுக்குள் பள்ளிப் படிப்போடு ஈராண்டுக் கல்லூரிப் பட்டத்தையும் கட்டணமின்றி முடிக்கலாம். நிறுவன ஊழியர்கள் வழிகாட்டிகளாக வந்தார்கள், ஊதியத்தோடு பணிப்பயிற்சி கிடைத்தது. எனக்கு இதில் பிடித்தது அந்த வழிகாட்டி ஏற்பாடுதான். வீட்டில் யாருமே அலுவலக வேலை பார்த்திராத பிள்ளைக்கு, கேள்வி கேட்க ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பலம்!

வேலை வாக்குறுதி மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 1982-இல் பாஸ்டன் நகரில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது. அரசுப் பள்ளி முடித்தவர்களுக்கு வேலையில் முன்னுரிமை தருவதாக நிறுவனங்கள் சொல்லின, வருகையைக் கூட்டி இடைநிற்றலைக் குறைப்பதாகப் பள்ளிகள் சொல்லின. வேலைகள் வந்தன, ஆனால் இடைநிற்றல் நினைத்தபடி குறையவில்லை. வகுப்பறைக்குள் ஆசிரியருக்கு என்ன தேவை என்று கேட்காமல் வெளியிலிருந்து ஊக்கம் மட்டும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், விளம்பரம். 1990-இல் அமெரிக்கப் பள்ளிகளுக்குள் வந்த சேனல் ஒன் என்ற தனியார் செய்தி ஒளிபரப்பு, தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாகத் தந்தது. பதிலுக்கு மாணவர்கள் தினமும் 12 நிமிட நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டும், அதில் 2 நிமிடம் விளம்பரம். வகுப்பை விட்டு எழுந்து போக முடியாத பிள்ளைகளிடம் பொருள் விற்பது தவறு. இன்று அதே தவறு வேறு வழியில் நடக்கலாம்: இலவசச் செயலி கொடுத்து மாணவர்களின் தகவல்களை எடுத்துக்கொள்வது. இரண்டும் வேண்டாம். பள்ளியோடு போடும் ஒப்பந்தம் எதுவானாலும் பெற்றோர் படித்துப் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவது அரசின் கடமை. உங்கள் தன்னார்வலர்களைக் காட்டி யாராவது அதைத் தள்ளிப்போட்டால், சம்மதிக்காதீர்கள்.

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது தயாரித்த திட்டத்தை எடுத்துச் செல்லாதீர்கள். தலைமை ஆசிரியரிடமும் ஆசிரியர்களிடமும் முதலில் கேளுங்கள். அவர்கள் கேட்பது படமெடுத்துப் போட முடியாத ஒன்றாக, கழிப்பறைக்குத் தண்ணீராகவோ ஆய்வக உதவியாளரின் சம்பளமாகவோ இருக்கலாம். அதையே கொடுங்கள், ஐந்து ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் மேல் அக்கறை கொண்ட ஒருவர்