புகைப்படச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. டார்க்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாற்றியாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டது லூப், அதாவது நெகட்டிவையும் பிரிண்டையும் பெரிதாக்கிப் பார்க்கும் சிறு லென்ஸ், பற்றிய விவகாரம்தான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புதிதாக ஃபிலிமுக்கு வந்த இளைஞர்கள் பலர் ‘30எக்ஸ்’ என்று பொறித்த மலிவு லென்ஸை ஆன்லைனில் வாங்கிவந்து, “ஃபிரேம் முழுசா தெரியலையே சார்” என்றார்கள். செயற்குழு அதைச் சோதித்துப் பார்த்தது. கணக்கு எளிது: 250-ஐ மி.மீ.யில் உள்ள குவியத் தூரத்தால் வகுத்தால் பெருக்கம் வரும். நிஜமாகவே 30 மடங்கு என்றால் நெகட்டிவுக்கு 8 மி.மீ. மேலே பிடிக்க வேண்டும். இதுவோ 3 செ.மீ. உயரத்தில்தான் தெளிந்தது. அதாவது, 8 மடங்கு தேறலாம். பொறித்தவருக்குத் தாராள மனசு.

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃபிரேம் 24க்கு 36 மி.மீ. அதை முழுதாகக் காட்டுவது 4, 5 மடங்கு லூப்தான். காண்டாக்ட் ஷீட்டில், அதாவது நெகட்டிவ்களை அதே அளவில் வரிசையாக அச்சிட்ட தாளில், படம் தேர்ந்தெடுக்க அதுவே சரி. படத்திலிருப்பவர் கண்ணில் ஃபோகஸ் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் 8, 10 மடங்கு வேண்டும். ஓர் உறுப்பினர் மில்லில் இழை எண்ணும் மடக்கு லென்ஸைக் கொண்டுவந்தார். அதன் சதுரம் ஓர் அங்குலம். 24 அடங்கியது, 36 அடங்கவில்லை. கூர்மை பார்க்க நல்ல சாமான், தேர்வுக்கு உதவாது.

என் சிபாரிசு, வீட்டில் சும்மா கிடக்கும் எஸ்.எல்.ஆர். கேமராவின் 50 மி.மீ. லென்ஸ். அது 5 மடங்கு காட்டும். அப்பெர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) முழுதாகத் திறந்து, கேமராவில் மாட்டும் பக்கம் நெகட்டிவைப் பார்க்க, முன்பக்கம் கண்ணை வைக்க வேண்டும். ஏறக்குறைய 45 மி.மீ. உயரத்தில் தெளியும். லென்ஸ் உட்காரும் அகலத்தில் பிவிசி குழாயை அந்த உயரத்துக்கு ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) குறைத்து வெட்டிக்கொண்டால் மிச்சத்தை ஃபோகஸ் வளையம் பார்த்துக்கொள்ளும். காண்டாக்ட் ஷீட்டுக்கு மேலிருந்து வெளிச்சம் வேண்டுமே, அதற்குக் குழாயில் இரண்டு ஜன்னல் வெட்டுங்கள். நெகட்டிவ் பார்க்கும்போது கறுப்புத் தாளைச் சுற்றி மூடிவிடலாம். குழாயின் விளிம்பு வெறும் ஃபிலிமில் உரசக் கூடாது. நெகட்டிவ் உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

நெகட்டிவுக்குக் கீழிருந்து வெளிச்சம் தரும் லைட் பாக்ஸுக்குப் பதில் மொபைலின் வெள்ளைத் திரை போதும். ஆனால் நெகட்டிவை நேராகத் திரைமேல் வைத்தால் லூப்பில் பிக்சல்தான் தெரியும். போர்டு எழுதும் கடையில் பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு கேட்டு வாங்கி, திரையிலிருந்து ஒரு விரல் உயர்த்தி வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கடையில் வாங்கிய லூப்தான் வேண்டும் என்போருக்காகச் சங்கம் ஒரு 4 மடங்கு லூப் வாங்கியிருக்கிறது. அது டார்க்ரூம் மேசையில் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கிறது. யாரும் வருத்தப்பட வேண்டாம். இரவல் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்