கிலோமீட்டர் கணக்கு மலைக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடிய மலைப்பாதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் ஒவ்வொரு பாதைக்கும் தூரத்தை மட்டும் போட்டுவிட்டு, எவ்வளவு உயரம் ஏற வேண்டும், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதை விட்டுவிட்டீர்கள். மற்ற ஊர்க்காரர்கள் எப்படியோ, எங்கள் செட்டிநாட்டில் தூரத்தை மட்டும் சொல்வது ஆபத்து. நாங்கள் நடைக்கு அஞ்சாதவர்கள். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிப் பழநிக்கு நடப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அறுபதைத் தாண்டிய ஆச்சிகள்கூட வெறுங்காலோடு, இளவட்டங்களை முந்திக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவர்களிடம் இமயமலையில் இருக்கும் கேதார்நாத் கோயிலுக்கு நடை ஏறக்குறைய 16 கிலோமீட்டர் என்றால் என்ன நினைப்பார்கள்? எங்கள் தெருவில் ஓர் ஆச்சி என்னிடம் சொன்னது இது: "அண்ணே, பழநிக்கு நடக்கிற காலுக்கு இது ஒரு வேளை நடைதானே!" வேகத்தில் அவர் சொல்வது உண்மைதான். ஆனால் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகும் அந்த வழி பெரும்பாலும் சமதரை. பழநி ஊரே கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. மிஞ்சுவது கடைசியில் உள்ள எழுநூறு படிகள். கேதார்நாத்துக்கு நடக்கத் தொடங்கும் கௌரிகுண்டோ ஏறத்தாழ 1,980 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோயில் 3,583 மீட்டரில். இடையில் 1,600 மீட்டர் ஏற்றம்.

இதை எழுதத் தூண்டியது உங்கள் கட்டுரை மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு யாத்திரைக் குழு விநியோகித்த நோட்டீஸும்தான். பிள்ளையார் சுழி, மேலே வேல் படம், கீழே கால அட்டவணை: காலை 7 மணி கௌரிகுண்ட் புறப்பாடு, பகல் 1 மணி தரிசனம், மாலை 6 மணி கௌரிகுண்ட் திரும்புதல். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொல்லிவைத்த ஒரு கணக்கு உண்டு. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். இதன்படி 16 கிலோமீட்டருக்கு மூன்றேகால் மணி, 1,600 மீட்டர் ஏற்றத்துக்கு இரண்டேமுக்கால் மணி. ஆக, ஆறு மணி நேரம். நோட்டீஸ் போட்டவர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார் என்று தோன்றும். ஆனால் அது நல்ல உடற்கட்டு உள்ளவர் எங்கும் உட்காராமல், தேநீர் குடிக்காமல், கோவேறு கழுதைகளுக்கு வழிவிட்டு ஒதுங்காமல் நடந்தால் ஆகும் நேரம். நெய்ஸ்மித் நடந்த ஸ்காட்லாந்து மலைகளில் மிக உயரமானதே கௌரிகுண்டைவிடத் தாழ்வானது. காற்று அடர்த்தி குறைவதை அவர் கணக்கில் சேர்க்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. ஐம்பத்தைந்து வயதில், முழங்காலில் தேய்மானத்தோடு போகிறவருக்கு ஏற மட்டும் ஒன்பது, பத்து மணி நேரம் வைப்பதே நேர்மை. அதற்கு முன்பாகச் சோன்பிரயாகில் வண்டியை விட்டு இறங்கி, கௌரிகுண்டுக்குப் போகும் ஜீப்புக்கு வரிசையில் நிற்க வேண்டும். நோட்டீஸில் அந்த வரிசைக்கு இடமே இல்லை.

காற்று மெலிவதைப் பற்றியும் இங்கே தவறான எண்ணம் உலவுகிறது. மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை. அங்கும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். கேதார்நாத் உயரத்தில் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குச் சுருங்கும். இதற்குப் பழக உடம்புக்கு நாட்கள் வேண்டும். பழநி நடை இதில் உதவாது. பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை தலைகாட்டலாம். பெரும்பாலும் மேலே போய்ச் சேர்ந்து சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும் என்பதால், ஏறும்போது ஒன்றும் தெரியவில்லையே என்று நம்பி அங்கேயே தங்கிவிடுகிறவர்கள்தான் இரவில் தவிக்கிறார்கள். தலைவலி வந்தபிறகு மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறக்கியாக வேண்டும். மாத்திரை எடுத்துக்கொண்டால் போதும் என்பார்கள். அதை நம் டாக்டரிடம் ஊரிலேயே கேட்டுவிட வேண்டும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அவசியம் சொல்ல வேண்டும்.

வசதி உள்ளவர்கள் ஹெலிகாப்டரில் போய்விடலாம் என்று உடனே பதில் வரும். காலுக்கு வலியில்லை, சரி. ஆனால் நடந்து போகிறவருக்காவது உடம்பு ஒரு பகல் முழுக்க மெல்ல மெல்லப் பழகும். ஹெலிகாப்டரில் ஏறியவர் சில நிமிடங்களில் அந்த மெல்லிய காற்றில் போய் இறங்குகிறார். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களை அப்படி அனுப்பும் பிள்ளைகள் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். போனாலும் தரிசனம் முடித்த கையோடு இறங்கிவிடட்டும்.

கட்டுரையில் நான் தேடிக் காணாத இன்னொன்று, திரும்பும் நேரம். உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் இத்தனை மணிக்குத் திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே முடிவுசெய்து, குழுவில் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். இமயத்தில் பகலுக்கு மேல் மேகம் திரளும். நம் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடியும் மழையும் வழக்கம்தான். முகட்டில் மின்னலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. இன்னும் அரை மணி நேரம்தானே, கோபுரம் தெரிகிறதே என்று கெஞ்சுகிறவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். பெரும்பாலும் பணம் கட்டி முன்னின்று ஏற்பாடு செய்தவராகவே இருப்பார். அவரை மறுப்பதற்குத்தான் முன்கூட்டியே சொல்லிவைத்த நேரம் வேண்டும்.

கொடைக்கானலில் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்குப் போகும் பாதையை எளிது என்று எழுதியிருந்தீர்கள். போகும்போது எளிதுதான், இறக்கம். அந்த ஊரில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், அது அவ்வூர் மரபு. அதைச் சொன்ன நீங்கள், திரும்பி வருவது முழுக்க ஏற்றம் என்பதைச் சொல்லவில்லை. காலையில் தெம்பாக இருக்கும்போது இறங்கிவிட்டு, வெயிலில் களைத்த பிறகு ஏற வேண்டிய பாதை அது. தண்ணீரிலும் தெம்பிலும் பாதிக்கு மேல் திரும்புவதற்கு ஒதுக்கியாக வேண்டும்.

அனுமதி பற்றி ஒரு வரியாவது வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிமுறை கொண்டுவந்தது. 2024-இல் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்து, ஆன்லைன் முன்பதிவோடும் உள்ளூர் வழிகாட்டிகளோடும் திறந்தது. கோடைத் தீக்காலத்தில் பாதைகள் மூடப்படும். காட்டு அதிகாரியைத் தெரியும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற நம் ஊர்ச் செல்வாக்கு அங்கே தீயை அணைக்காது.

பலகாரம் விஷயத்தில் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. தேன்குழலையும் சீப்புச் சீடையையும் டின் டின்னாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். உயரத்தில் மூச்சு வாங்க வாங்க வாய் உலர்ந்துவிடும். தேன்குழலை ஒரு கடி கடித்தால் மாவு நாக்கில் ஒட்டிக்கொண்டு விழுங்க முடியாமல் தண்ணீர்தான் தீரும். பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் மேல். நம் மாவுருண்டை அதைவிட மேல், நெய் தாராளமாக விட்டுப் பிடித்திருந்தால். ஹரித்துவாரில் புதிதாக ஷூ வாங்கி மறுநாளே மாட்டிக்கொண்டு ஏறுவதும் வேண்டாம். ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழகட்டும். கால் நகத்தை வெட்டிக்கொள்ளட்டும். இறங்கும்போது அடி வாங்குவது விரல் நுனிதான்.

பழக இடம் எங்கே என்பார்கள். சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் பாரியின் பறம்பாகச் சொல்லப்படும் பிரான்மலை நிற்கிறது. இரண்டாயிரம் அடிக்கு மேல் உயரம், உச்சியில் தர்கா, அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கோயில். காரைக்குடியில் விடியலில் பஸ் ஏறினால் வெயிலுக்கு முன்பே ஏறத் தொடங்கலாம். மெல்லிய காற்றுக்கு அது பழக்காது; தொடைக்கும் முழங்காலுக்கும் பழக்கும், யார் எவ்வளவு வேகம் என்பதையும் காட்டிக்கொடுக்கும். குழுவில் மெதுவாக ஏறுகிறவரின் வேகத்தை அங்கே குறித்துவைத்துக்கொண்டால், கேதார்நாத் அட்டவணையை அந்த வேகத்துக்கு எழுதலாம்.

தாங்கள் இனி மலைப்பாதை எதைப் பற்றி எழுதினாலும் தொடங்கும் உயரம், முடியும் உயரம், ஏற இறங்க ஆகும் மணி நேரம், திரும்ப வேண்டிய நேரம், அனுமதி பெறும் இடம், கடைசி வண்டி ஆகியவற்றைப் பெட்டிச் செய்தியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். யாத்திரைக் குழுக்களை நடத்துகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் ஒன்று: குப்தகாசியிலோ சோன்பிரயாகிலோ ஓர் இரவு, ஏறும் வழியில் லிஞ்சோலியில் ஓர் இரவு என்று அட்டவணையில் சேருங்கள். இரண்டு நாள் கூடுவதால் ஆகும் செலவை நோட்டீஸில் வெளிப்படையாகப் போட்டால் எங்கள் ஆட்கள் கட்டத் தயங்க மாட்டார்கள். வைகாசியிலோ, மழை ஓய்ந்த புரட்டாசியிலோ வையுங்கள். ஆடி, ஆவணியில் அங்கே மண்சரிவுக் காலம், தீபாவளியையொட்டிக் கோயில் நடை சாத்திவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரைக்குடி.