காலை ஆறரைக்கே கிளம்பு

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள கண்ணு,

புதுச்சேரியில் பிள்ளைகளைக் கட்டடம் பார்க்க நடத்திக் கூட்டிப்போக நீ போட்ட நோட்டீஸை உன் சித்தப்பா பையன் காட்டினான். எனக்கும் அனுப்பியிருக்கலாம். போகட்டும். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே கட்டடத்தில் தொடங்குவது நல்ல யோசனை, அம்மாவிடம் பெருமையாகவே சொன்னேன். ஆனால் 40 பேரை ஒரே கூட்டமாக, அதுவும் 10 மணிக்கா? ஒருவருக்கு 12 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், கடைசியில் நிற்பவனுக்குக் காதில் விழாது. ஆறரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் முடித்துவிடு.

கோல்கொண்டே ஆசிரமத்தார் தங்கும் விடுதி. அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடு. ரேமண்ட், நகாஷிமா, சாமர் என்று அதைக் கட்டிய கட்டடக் கலைஞர்களின் பெயர்களை ஒப்பிப்பதற்கு முன்னால் பிள்ளைகள் கையில் காம்பஸைக் கொடு. நீண்ட முகங்கள் வடக்கும் தெற்குமாக இருப்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். கிழக்கு, மேற்கு வெயில் தாழ்ந்து வரும், சன்ஷேடு போட்டு அதைத் தடுக்க முடியாது. அதனால்தான் குறுகிய பக்கத்தை அங்கே திருப்பினார்கள். கட்டடத்தின் அகலம் ஓர் அறையும் ஒரு வராந்தாவும்தான். தெற்கே நுழைகிற காற்று தேக்குக் கதவின் சட்ட இடுக்கு வழியாக வராந்தாவுக்கு வந்து வடக்கே போய்விடும். கூரைத் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று. சூடு நேராகத் தளத்தில் இறங்காது. சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திறந்து மூடுகிற சாய்பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். முழுசாக இருக்கும்வரை பயமில்லை, யாரும் சுரண்டிப் பார்க்கக் கூடாது. முதலில் குறுக்குவெட்டு வரையட்டும், போட்டோ பிறகு.

முக்கியமான விஷயம், கடலோரத்தில் எந்தப் பழைய சன்ஷேடுக்கும் பால்கனிக்கும் அடியில் பிள்ளைகளை நிறுத்தாதே. நிழலென்று அங்கேதான் ஒதுங்குவார்கள். உப்புக்காற்றின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், மேல்பூச்சைப் பிளந்து தள்ளிவிடும். கம்பி ஓடுகிற திசையில் நேர்க்கோடாக விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் எட்டியே நில். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கடலோரக் கட்டடத்துக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், கேட்கிறது. பழைய சன்ஷேடுகளில் அதில் பாதி இருந்தாலே அதிகம். நம் ஊர் உலர்ந்த காற்றில் அந்தக் கவரே தாக்குப்பிடிக்கும், இங்கே பார்த்துப் பழகிய கண்ணை நம்பி அங்கே ஏமாறாதே. எவர்சில்வர் கைப்பிடிகளையும் காட்டு. சேலத்தில் பளபளக்கிற 304 ரக எவர்சில்வர், அங்கே தேநீர்க் கறை படிந்தது போல ஆகிவிடும். 316 ரகத்தில் மாலிப்டினம் இருப்பதால் அது இன்னும் நன்றாகத் தாங்கும்.

தருமபுரிக்காரர்கள் மறுபடி போன் செய்தார்கள். அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நோட்டீஸில் உன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பெயரையும் கேட்கவில்லை. நடத்துகிறவர்கள் இரண்டு பேர் என்றால் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில். அவரிடமும் சன்ஷேடு விஷயத்தைச் சொல்லிவிடு. மழைக்கு மறுநாள் இன்னும் மோசம், ஊறிப் பெயர்ந்த காரைக் கட்டி சொல்லாமல் விழும். தலைக்கு மேல் பார்த்த பிறகுதான் நின்று பேசு.

போனை எடுக்க முடியாவிட்டால் ஒரு வரி எழுது. தட்டுவடை இரண்டு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன், இரண்டு பேருக்குக் காணும். கடல்காற்றில் நமுத்துவிடும், டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வை.

அப்பா