பறவை நோக்குவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், விடியுமுன் எழுந்து நடைகளுக்கு வந்த எல்லா நண்பர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு நடை என்று திட்டமிட்டதில் இரண்டு மட்டும் மழையால் நின்றன. மாதக் கூட்டங்கள் ஒன்றுகூடத் தவறவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கேமராவோடு வந்தவர்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். படம் எடுப்பவர் ஒரு கிளையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறார் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆண்டின் முதல் கூட்டத்தில், பார்க்கத் துடிக்கும் ஒரு பறவையின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னோம். வந்த சீட்டுகளில் கொண்டைலாத்தியோ மீன்கொத்தியோ இல்லை. தவளைவாயன், பக்கி, ஆறுமணிக்குருவி, காட்டு ஆந்தைகள் என எல்லாமே ஒளிந்து வாழும் பறவைகள். அதனால் ஆண்டு முழுக்க மாதக் கூட்டங்களில் இவற்றைப் பற்றியே பேசினோம்.

உறுப்பினர்களை அதிகம் ஈர்த்தது ஜெர்டான் கோர்சர் என்ற இரவுப் பறவையின் கதை. தெலுங்கில் கலிவி கோடி என்பார்கள். 1848இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்தப் பறவையின் தடயம் 1900க்குப் பிறகு கிடைக்கவே இல்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 1986இல் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் அதை மீண்டும் கண்டறிந்தார்கள். அதற்கு வழிகாட்டியது அந்தப் பகுதி மக்களின் அறிவு. முட்புதர்க் காட்டில் இரவில் மட்டும் நடமாடும் பறவையைப் பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பின்னாளில் ஆய்வாளர்கள் புதர்களுக்கு இடையே மண்ணைப் பரப்பி வைத்து, காலையில் காலடித் தடம் பார்த்தார்கள். தானியங்கிக் கேமராவும் வைத்தார்கள். பறவையைத் துரத்தாமலேயே அது இருப்பதை அறிந்துகொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

காட்டு ஆந்தையின் கதையைக் கேட்டபோது கூட்டத்தில் பலருக்குக் கோபமே வந்தது. 1884க்குப் பிறகு யாரும் பார்க்காத அந்தச் சிறிய ஆந்தையை 1914இல் தான் பிடித்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேயப் பறவை சேகரிப்பாளர் ஒரு பதப்படுத்திய உடலை வைத்திருந்தார். அது இன்னொருவர் முன்பே சேகரித்த பறவை என்பதும், பிடித்த இடமும் நாளும் எழுதிய சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார் என்பதும் பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் செய்த ஆய்வில் வெளிப்பட்டது. சீட்டில் இருந்த பொய்யான இடத்தை நம்பித் தேடியவர்களின் உழைப்பெல்லாம் வீணாகியிருந்தது. உண்மையான பழைய இடங்களுக்குத் திரும்பிய ராஸ்முசெனும் அவருடைய குழுவினரும் 1997 நவம்பரில் மகாராஷ்டிராவில் அதைக் கண்டார்கள். நம் நடைக் குறிப்பேட்டில் "பார்த்தேன்", "கேட்டேன்", "அதுவாக இருக்கலாம்" என மூன்று கட்டங்கள் போட்டது இந்தக் கூட்டத்துக்கு அப்புறம்தான். இப்போது மூன்றாவது கட்டம்தான் அதிகம் நிரம்புகிறது. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன்.

செரண்டிப் ஆந்தையையும் இங்கே குறிப்பிட வேண்டும். இலங்கையின் மழைக்காட்டில் அந்நாட்டுப் பறவை ஆய்வாளர் தீபால் வாரகாகொட 1995இல் அறிமுகமில்லாத ஒரு குரலைக் கேட்டார். குரலுக்கு உரிய ஆந்தையைக் கண்ணால் பார்த்தது 2001இல். புதிய இனம் என அறிவிக்கப்பட்டது 2004இல். ஒரு குரலுக்காக ஆறு ஆண்டு! இரண்டு நடையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோன இளம் உறுப்பினர்களுக்கு இதைத்தான் சொல்லி வருகிறேன்.

இனி வருத்தமான பகுதிக்கு வருகிறேன். இதைச் சுருக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இந்த வலசைப் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு மூங்கில் புதரருகே ஆறுமணிக்குருவியின் குரலைக் கேட்டோம். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூப்பிடுவதால்தான் அதற்கு அந்தப் பெயர். உடம்பில் ஒன்பது நிறம் இருக்கிறதென்று இந்தியில் நவரங் என்கிறார்கள். அத்தனை நிறம் இருந்தும் நிழலில் சருகுக்கு நடுவே நின்றால் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மாலை அது சருகைப் புரட்டிப் புழு எடுப்பதை நான்கு பேர் மூச்சடக்கிப் பார்த்தோம். அந்த மகிழ்ச்சியில் வீடு திரும்பியதும் இடத்தை வரைபடக் குறியோடு நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போட்டது நான்தான் என்பது இந்த அறிக்கையில் பதிவாக வேண்டும்.

செய்தி குழுவுக்குள் நிற்கவில்லை. இரண்டே நாளில் நமக்குத் தெரியாத பலர் அங்கே வந்துவிட்டார்கள். அலைபேசியில் அதன் குரலை மணிக்கணக்கில் ஒலிக்கவிட்டார்கள். வலசை வந்த இடத்திலும் ஆறுமணிக்குருவி தனக்கென ஓர் எல்லையைக் காக்கும் பறவை. எதிரி வந்துவிட்டது என நினைத்து அது இரை தேடுவதை விட்டு வந்து வந்து நின்றிருக்கிறது. படத்தில் தரை சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று யாரோ சருகையும் கூட்டித் தள்ளியிருந்தார்கள். சருகு போனால் அதன் அடியில் இருக்கும் புழுவும் பூச்சியும் போய்விடும். இரவெல்லாம் நெடுந்தூரம் பறந்து களைத்து வரும் பறவை அது. தின்ன வேண்டிய நேரத்தில் அதை அலைக்கழித்தோம். ஒரு வாரத்துக்குள் அங்கே குரல் அடங்கியது. பருவம் முடியும்வரை பலமுறை போய் நின்றேன். கேட்கவில்லை.

இதை ஒட்டி நடந்த செயற்குழுவில் வாக்குவாதம் சூடாகவே இருந்தது. "இடத்தைச் சொல்லாவிட்டால் புதியவர்கள் எப்படிக் கற்பார்கள்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எளிதில் யார் கண்ணிலும் படாத ஆஸ்திரேலியாவின் இரவுக்கிளியைப் பாருங்கள். 1990இல் சாலையோரம் ஒன்று செத்துக் கிடந்தது. உயிரோடு தெளிவான படம் கிடைத்தது 2013இல். அப்போதும் அந்த இடத்தை வெளியே சொல்லாமல்தான் காத்தார்கள். பறவை நோக்குவோர் தம் பதிவுகளை இடும் இ-பேர்ட் இணையதளமும் ஆபத்திலுள்ள சில இனங்களின் இடத்தைப் பொதுப்பார்வைக்குக் காட்டுவதில்லை. தவளைவாயன் போன்ற பறவை பகலெல்லாம் காய்ந்த இலைக்கொத்து போல ஒரே கிளையில் அசையாமல் இருக்கும். மறுநாளும் பெரும்பாலும் அங்கேயே வந்து அமரும். இடம் ஒருமுறை வெளியே தெரிந்தால் அதற்குத் தப்ப வழியில்லை. புதியவர்களைக் கையோடு கூட்டிப் போய்க் காட்டலாம். வரைபடக் குறி வேண்டாம் என்பதே கடைசியில் முடிவானது.

அதன்படி நான்கு விதிகளைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். சங்க நடைகளில் பறவையின் குரலை ஒலிக்கவிடக் கூடாது. கூட்டையோ, அடைகாக்கும் பறவையையோ படமெடுக்கக் கூடாது. இரவுப் பறவைகள் மேல் பிளாஷ் அடிக்கக் கூடாது. ஒளிந்து வாழும் இனங்களின் இடத்தைக் குழுவில் எழுதக் கூடாது. குறிப்பேட்டில் மட்டும் எழுதி, பருவம் முடிந்த பிறகு பகிரலாம். மீறினால் என்ன செய்வது என்பதை நீங்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும். என் கருத்தில், அபராதத்தைவிட அந்த உறுப்பினரை அனுபவமுள்ள ஒருவரோடு சில நடைகளுக்கு அனுப்புவதே சரி.

அடுத்த ஆண்டு ஒலிப்பதிவுக்கென ஒரு சிறு குழு தொடங்க எண்ணியிருக்கிறோம். பக்கிகளைக் குரலால் பிரித்தறியும் பயிற்சியிலிருந்து ஆரம்பிக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இனங்களைக் காது எளிதில் பிரித்துவிடும். மூங்கில் புதரடியில் சருகு மறுபடி மூடத் தொடங்கியிருக்கிறது. அடுத்த வலசை தொடங்கும்போது காலை ஆறு மணிக்கு அங்கே தொலைவில் நின்று காது கொடுக்க இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்