ஸ்பேனர் கேட்ட மகளுக்கு

தாராபுரம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணு,

பைக்கின் பின் பிரேக்கை மிதித்தால் இரும்போடு இரும்பு உரசுகிற மாதிரி சத்தம் வருகிறது, நானே பிரேக் ஷூ மாற்றட்டுமா என்று நேற்று போனில் கேட்டாய். "அதெல்லாம் உனக்கெதுக்கு, தம்பி வந்தா பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். எட்டு வயதிலிருந்து என் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தவள் நீ. நீ ஸ்பேனரைக் கேட்டபோதெல்லாம் கை அழுக்காகும் என்று சொல்லி அதை அவனிடம் கொடுத்தேன். அவனுக்கு இன்றைக்கும் 14 எது, 17 எது என்று தெரியாது. சரி, எழுதித் தருகிறேன். நீயே மாற்று.

ஷூ என்பது சக்கரத்தின் நடுவில் இருக்கும் டிரம் என்ற வட்டக் கிண்ணத்தின் உள்சுவரில் அழுந்தி வண்டியை நிறுத்தும் அரைவட்டத் துண்டு. முதலில் அது தேய்ந்துதான் போயிற்றா என்று பார். வெறும் தூசி அடைந்தாலும் கிரீச்சிடும். உன் ஸ்ப்ளெண்டர் பைக்கில், பெடலிலிருந்து வரும் நீளக் கம்பியான பிரேக் ராடு மாட்டியிருக்கும் நெம்புகோலின் அடியில் ஒரு சின்ன அம்பு இருக்கும், டிரம்மை மூடியிருக்கும் பிளேட்டில் ஒரு குறி இருக்கும். பெடலை முழுக்க மிதித்துப் பார். அம்பு குறியைத் தொட்டுவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. அதற்கு மேல் ராடு நட்டை முடுக்கி ஓட்டுவது ஏமாற்று வேலை.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல் அண்டைக் கொடு. பிரேக் ராடு நுனியில் இருக்கும் நட்டைக் கழற்று. அதன் ஸ்பிரிங்கும் சின்ன உருளையும் துள்ளி ஓடும், ஒரு டப்பாவில் போட்டு வை. அப்புறம் பிளேட்டை, பின் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு பிடித்திருக்கும் பட்டையைக் கழற்று. பிரேக் பிடிக்கும்போது பிளேட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் நிறுத்துவது அந்தப் பட்டைதான். திரும்ப மாட்டும்போது அதன் போல்ட்டுக்குப் நட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின்னை (மடக்குக் கம்பி) புதிதாகப் போடு. பழையதை நிமிர்த்திப் போடாதே.

அடுத்து ஆக்சில், அதாவது சக்கரத்தின் நடுவில் போகும் அச்சுக் கம்பி. வெளியே இருக்கும் நட்டை மட்டும் கழற்று. அதற்கு உள்ளே இருக்கும் பெரிய நட்டு செயின் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது, அதைத் தொடாதே. தொடாவிட்டால் செயினைக் கழற்றும் வேலையே இல்லை. ஆக்சிலை உருவினால் பிரேக் பக்கத்தில் காலர் என்ற சின்னக் குழாய்த் துண்டு விழும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள். எங்கள் காலத்தில் அந்த வசதி ஏது? வீலை அந்தப் பக்கமாக இழுத்தால் வந்துவிடும்.

பிளேட்டைத் தூக்கினால் டிரம்முக்குள் கறுப்பாகத் தூசி இருக்கும். ஊதாதே கண்ணு. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங்; பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருந்தது. பட்டறையில் நாங்கள் காற்றடித்து அந்தத் தூசியைப் பறக்கவிட்டு, அதன் நடுவிலேயே உட்கார்ந்து டீ குடித்தோம். நீ முகத்தில் துணி கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் முடிந்து போட்டுவிடு.

இரண்டு ஷூவையும் பக்கத்தில் வைத்துப் பார், ஒன்று கூடுதலாகத் தேய்ந்திருக்கும். இறக்கத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்தால் சக்கரமே அதை இழுத்து இறுக்கிக்கொள்ளும் அல்லவா, அப்படித்தான். சுற்றுகிற டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்கிறது. இன்னொன்றை வெளியே தள்ளப் பார்க்கிறது. உழைப்பில் பெரும்பங்கு முதல் ஷூவுக்கு. ஆனாலும் மாற்றும்போது இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

பழையதைக் கழற்ற, இரண்டு ஷூவையும் ஓரத்தில் பிடித்துப் புத்தகம் மூடுகிற மாதிரி மடக்கு. முகத்தைக் கிட்டே கொண்டு போகாதே, ஸ்பிரிங் தெறிக்கும். மாட்டுவதும் இதே கதைதான். ஸ்பிரிங் இரண்டையும் கோத்து, மடக்கிய நிலையில் ஒரு முனையைப் பிளேட்டில் நிலையாக நிற்கும் பின்னிலும் (முளை) மறுமுனையை, திரும்பி ஷூக்களை விரிக்கும் கேமிலும் உட்காரவைத்து, இரண்டு கையாலும் அமுக்கு. டக்கென்று விழும். முதல் தடவை நாலைந்து முறை நழுவும், கோபப்படாதே.

கேமுக்கும் பின்னுக்கும் கடுகளவு கிரீஸ் போதும். அதே கையால் லைனிங்கைத் தொட்டுவிடாதே. நான் தொட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் உன் அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு இறக்கத்தில் வந்தேன். பின் பிரேக் வழுக்கிக்கொண்டே போக, கடைசியில் டீக்கடை பெஞ்சில் போய் முட்டி நின்றேன். அவள் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து லைனிங்கைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். டிரம் உள்பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடை. விரலில் தட்டும்படி பள்ளம் விழுந்திருந்தால் எனக்குப் படம் அனுப்பு.

வீலை மாட்டும்போது ஒன்றை மறக்காதே. இதைப் பல மெக்கானிக்குகளே செய்வதில்லை. ராடையும் பட்டையையும் மாட்டியபின், பிரேக் பெடலை நன்றாக மிதித்துப் பிடித்தபடியே ஆக்சில் நட்டை இறுக்கு. அப்போதுதான் ஷூ டிரம்மின் நடுவில் வந்து உட்காரும். தனி ஆளாக முடியாது, பக்கத்து அறைப் பெண்ணை மிதிக்கச் சொல்.

பிறகு, பெடல் ஓர் அங்குலம் போல இறங்கியபின் பிரேக் பிடிக்கிற மாதிரி ராடு நட்டைத் திருப்பு. காலை எடுத்தால் வீல் உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக் லைட் எரிகிறதா என்றும் பார். புது ஷூ டிரம்மோடு படிந்து வரக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை முழுப் பிடி கிடைக்காது, வேகம் வேண்டாம். முதலில் தெருவுக்குள்ளேயே நாலு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மெயின் ரோட்டுக்குப் போ.

கழற்றிய ஷூக்களை எறிந்துவிடாதே. பொங்கலுக்கு வரும்போது கவரில் போட்டு எடுத்து வா. எந்த ஷூ அதிகம் உழைத்தது என்று நீ காட்டு, உன் தம்பியையும் பக்கத்தில் உட்காரவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா